விடை ஒத்துப் பார்க்கலாமா? இணைந்த கணிதம் எழுதிய வன்னிப் பிள்ளைகளின் கேள்விகள்

க.பொ.த உயர்தர இணைந்த கணிதத் தாளை எழுதிவிட்டு வரும் பிள்ளைகள், கேற்றடியில் குடையோடு நிற்கும் அம்மாமார், இரவில் போன் எடுக்கும் அப்பாமார் என்று எல்லாரும் சுற்றிச் சுற்றிக் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இந்தப் பாடம் படிப்பிக்கிறவன் என்ற முறையில் என் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். பௌதிகம், இரசாயனம் பற்றி இதில் எதுவும் இல்லை. அவற்றில் பல்தேர்வு வினாக்கள் இருப்பதால் விடை ஒத்துப் பார்ப்பதன் கணக்கே வேறு.

மண்டபத்தை விட்டு வந்ததும் விடை ஒத்துப் பார்க்கலாமா, கூடாதா?

கூடாது என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? மணி அடித்து, தாளைக் கட்டிக் கொடுத்து, வாசலைத் தாண்டுவதற்கு முன்பே "பதினொண்டுக்கு உனக்கு என்னடா வந்தது?" தொடங்கிவிடும். பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அதுதான். முல்லைத்தீவு பஸ் விசுவமடுவைத் தாண்டும்வரைக்கும் அதுதான். பின் சீற்றில் ஒருவன் தொடையில் கொப்பியை வைத்துக் கணக்கை முதலிலிருந்து செய்து காட்டிக்கொண்டிருப்பான்.

என் பதில் இதுதான். இரண்டு தாளில் ஒன்று இன்னும் மிச்சம் இருக்கிறதென்றால் வேண்டாம். இரண்டும் முடிந்துவிட்டால் தாராளமாகப் பாருங்கள், ஆனால் கடைசி வரியை விட்டுவிட்டு வழியை ஒத்துப் பாருங்கள். முதல் தாளான தூய கணிதத்தில் ஒரு தொகையீடு பிழைத்தது என்று தெரிந்தால் இரண்டாம் தாளான பிரயோக கணிதத்துக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. தெரிந்தவனுக்கு அன்றிரவு நித்திரை போகும், அவ்வளவுதான் நடக்கும். முதல் தாளுக்கும் இரண்டாம் தாளுக்கும் இடையில் எத்தனை நாள் விழுந்தாலும் இந்த விதியில் மாற்றமில்லை.

ஏ பகுதிக் கேள்விகள் கையில் இல்லையே சேர், எப்படி ஒத்துப் பார்ப்பது?

அங்கேதான் சண்டையே வருவது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒவ்வொரு தாளிலும் ஏ பகுதியில் 10 கேள்விகள். பத்தையும் செய்ய வேண்டும். கேள்விக்குக் கீழேயே விடை எழுத இடம் விட்டிருக்கும், ஆகவே அந்தப் புத்தகம் விடையோடு சேர்ந்து போய்விடும். பி பகுதியில் 7 கேள்விகளில் 5 செய்ய வேண்டும். வெளியே கொண்டுவர அனுமதி இருப்பது பி பகுதி வினாத்தாளுக்கு மட்டும்.

ஆகவே ஏ பகுதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் விடையை மட்டுமல்ல, கேள்வியையும் ஞாபகத்தில் இருந்துதான் எடுக்கிறார்கள். மட்டுச் சமனிலியில் வலப்பக்கம் 3 இருந்ததா 2 இருந்ததா என்று அரை மணித்தியாலம் வாதாடிவிட்டு, கடைசியில் இருவர் விடையும் அவரவர் ஞாபகத்தில் உள்ள கேள்விக்குச் சரியாக வரும். இதை வைத்து மனம் உடைவது வீண். ஏ பகுதியை விட்டுவிடுங்கள். பேச வேண்டுமென்றால் கையில் இருக்கிற பி பகுதியைப் பேசுங்கள்.

எனக்கு வந்த விடை வேறு, அவளுக்கு வந்தது வேறு. இரண்டில் எது பிழை?

சில வேளை இரண்டுமே சரி. கணிதத்தில் வேறுபடுகிற விடைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

ஒன்று, முகம் வேறு, ஆள் ஒன்று. 15 பாகையின் தாஞ்சனை ஒருவர் 2 − √3 என்று முடிப்பார். மற்றவர் (√3 − 1)/(√3 + 1) என்று விடுவார். இரண்டாவதன் மேலும் கீழும் √3 − 1 ஆல் பெருக்கிப் பாருங்கள், முதலாவதே வரும். திரிகோணகணிதப் பொதுத்தீர்விலும் இதுதான் கதை. ஒருவர் ஒரே கோவையில் மறை ஒன்றின் அடுக்கை வைத்து எழுதியிருப்பார், மற்றவர் இரண்டு வரியாகப் பிரித்து எழுதியிருப்பார். முழு எண்ணுக்கு 0, 1, 2 என்று போட்டுப் பார்த்தால் அதே கோணங்கள்தான் வரிசையாக வரும்.

இரண்டு, எதேச்சை மாறிலியில் ஒளிந்துகொள்கிற வித்தியாசம். பிள்ளைகளை அதிகம் அழ வைப்பது இதுதான். சைனையும் கோசைனையும் பெருக்கித் தொகையிடச் சொன்னால், சைனைப் பிரதியிட்டவருக்குச் சைன் வர்க்கத்தின் பாதி வரும். கோசைனைப் பிரதியிட்டவருக்குக் கோசைன் வர்க்கத்தின் பாதி மறைக்குறியோடு வரும். இரட்டைக் கோணச் சூத்திரத்தைப் பிடித்தவருக்கு இரட்டைக் கோணக் கோசைனின் கால் பங்கு, அதுவும் மறைக்குறியோடு. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துப் பயப்படுவார்கள். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் வித்தியாசம் ½, முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் ¼. வெறும் மாறிலிகள். மாறிலியை எழுதியிருந்தால் மூவரும் சரி. மாறிலியை எழுத மறந்தவர்தான் கவலைப்பட வேண்டும், அவர் பெரும்பாலும் கவலைப்படாமல் ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டிருப்பார்.

மூன்றாவது வகை, உண்மையிலேயே ஒருவர் பிழை. வரிசைமாற்றம், சேர்மானம், நிகழ்தகவு ஆகியவற்றில்தான் இது கூடுதலாக நடக்கும், ஏனென்றால் இரண்டு வழியும் கேட்க நியாயமாகவே இருக்கும். ஒரு மாதிரிக் கணக்கு: 6 ஆண்கள், 4 பெண்கள். குறைந்தது ஒரு பெண்ணாவது இருக்கும்படி 4 பேர் கொண்ட குழு எத்தனை விதமாக அமைக்கலாம்? ஒருவன் சொல்வான், "முதலில் ஒரு பெண்ணை 4 விதமாக எடு, பிறகு மிச்ச 9 பேரில் 3 பேரை 84 விதமாக எடு, விடை 336." மற்றவள் சொல்வாள், "10 பேரில் 4 பேரை எடுக்க 210 விதம், எல்லாரும் ஆண்களாக 15 விதம், விடை 195."

336 சொன்னவனின் குரல்தான் பெரும்பாலும் உரத்துக் கேட்கும். ஆனால் ஒரு கட்டுப்பாடும் இல்லாமல் எடுத்தாலே மொத்தம் 210 குழுக்கள்தான் உண்டு! இரண்டு பெண்கள் உள்ள குழுவை அவன் இரண்டு தரம் எண்ணிவிட்டான், மூன்று பெண்கள் உள்ளதை மூன்று தரம். ஒத்துப் பார்ப்பதால் ஏதும் கிடைக்குமென்றால் இப்படிப்பட்ட இடத்தில்தான் கிடைக்கும். யாருக்கு எத்தனை வந்தது என்பதை விட்டுவிட்டு, எங்கே இரண்டு தரம் எண்ணுப்பட்டது என்று தேடுங்கள்.

விடை பிழைத்தால் அந்தக் கேள்வி முழுவதும் போய்விடுமா?

போகாது. தயவுசெய்து இந்தக் கணக்கைக் கடதாசியில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஏ பகுதியில் ஒரு கேள்விக்கு 25 புள்ளி, பத்துக்கும் 250. பி பகுதியில் ஒரு கேள்விக்கு 150, ஐந்துக்கும் 750. ஒரு தாள் 1000. இரண்டு தாளும் 2000. அதை 20 ஆல் பிரித்தால் உங்கள் இறுதிப் புள்ளி, 100 க்கு.

பரீட்சைத் திணைக்களம் வெளியிடுகிற புள்ளியிடும் திட்டங்களைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வரிக்கு வரி வட்டத்துக்குள் 5 என்று போட்டிருக்கும். படிக்குப் படிதான் புள்ளி. கடைசி வரியில் குறி மாறி 5 புள்ளி போனால், 100 க்கு வரும்போது போனது கால் புள்ளி. ஏ பகுதிக் கேள்வி ஒன்று முழுவதும் போனாலும் ஒன்றேகால். பி பகுதியில் ஒரு கேள்வியைத் தொடவே இல்லையென்றால் ஏழரை, அது மட்டும்தான் உண்மையில் வலிக்க வேண்டிய எண். கால் புள்ளிக்காக இரவு முழுக்க அழுத பிள்ளைகளையும், ஏழரைப் புள்ளியை வெறுமையாக விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு போன பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று, "எனக் காட்டுக", "நிறுவுக" என்று முடிகிற பகுதிகளில் விடை கேள்வியிலேயே இருக்கிறது. அதை எல்லாரும் ஒத்துப் பார்த்து "எனக்கும் அதுதான் வந்தது" என்று சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை. நடுவில் பாலம் இருந்ததா என்பதுதான் கேள்வி. தொகுத்தறிவு முறையில் 1 க்கு உண்மை என்று காட்டினீர்களா, கருதுகோளை எழுதினீர்களா, கடைசியில் முடிவுக் கூற்றை எழுதினீர்களா? அதைக் கேளுங்கள்.

பிரயோக கணிதத்தில் எதை ஒத்துப் பார்க்கலாம்?

வரைபுகளை. வேகம்-நேர வரைபின் வடிவம் இருவருக்கும் ஒன்றென்றால் மிச்சம் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அதில் படித்திறன் ஆர்முடுகல், பரப்பளவு இடப்பெயர்ச்சி, வேறு மந்திரம் இல்லை. சார்வேகக் கணக்கில் வேக முக்கோணியின் அம்புக்குறிகள் எந்தப் பக்கம் என்று பாருங்கள். தகைப்பு வரிப்படத்தில் கோல்களின் விசைப் பருமன் ஒத்தால் போதாது, இழுவையா உதைப்பா என்பதும் ஒத்துவர வேண்டும்.

எளிமை இசை இயக்கத்தில் நேரம் மாறி வருகிறதென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம், மீள்தன்மை இழை தளர்கிற கணம். இழை தளர்ந்த பிறகு அங்கே எளிமை இசை இயக்கமே இல்லை. செங்குத்தாகத் தொங்குகிற கணக்கென்றால் துணிக்கை அதன்பின் புவியீர்ப்பின் கீழ்தான் போகும். ஒருவர் முழு நேரத்தையும் ஒரே சூத்திரத்தில் போட்டிருப்பார், மற்றவர் இரண்டாக வெட்டியிருப்பார். வெட்டியவர் பக்கம் நில்லுங்கள்.

இரவே வட்ஸ்அப்பில் விடைகள் வந்துவிட்டன. நம்பலாமா?

பாதி நம்பலாம். அவசரத்தில் எழுதப்பட்டவை அவை. ஒரு ஆசிரியர் எழுதி, இன்னொருவர் படம் பிடித்து, மூன்றாமவர் மூலையை வெட்டி அனுப்பியிருப்பார். மறைக்குறி அந்த வெட்டுப்பட்ட மூலையில் இருந்திருக்கும். ஒரே இரவில் ஒரே கேள்விக்கு இரண்டு "சரியான விடை" சுற்றுவதும் உண்டு. அதோடு, ஆசிரியர் ஒரு வழியில் செய்திருக்கிறார் என்பதற்காக உங்கள் வழி பிழையாகாது. திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டத்திலேயே மாற்று முறைகளுக்கும் புள்ளி கொடுக்கப்படுவதைப் பார்க்கலாம்.

முழங்காவில், துணுக்காய்ப் பக்கம் சிக்னல் இல்லாத வீடுகளில் இருக்கிற பிள்ளைகள் "எங்களுக்கு ஒன்றும் வரவில்லை சேர்" என்று குறைப்படுவார்கள். அன்றிரவு மட்டுமாவது நிம்மதியாக நித்திரை கொள்ளட்டும் என்று நான் பதில் போடுவதில்லை.

பேப்பர் சரியான கஷ்டம். எல்லாருக்கும் கஷ்டமென்றால் எனக்கு நல்லதா?

நல்லதுதான், நீங்கள் மற்றவர்களைவிடக் குறைவாகத் தடுமாறியிருந்தால். 2001 இலிருந்து பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியில்தான் நடக்கிறது. உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் பிரிப்பது. இரண்டாம் தாளின் 17 ஆம் கேள்விக்காகப் படித்த அதே நியம விலகல்தான்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு வருடம் சராசரி 40, நியம விலகல் 20, உங்களுக்கு 60. இசட் புள்ளி 1. அடுத்த வருடம் தாள் கஷ்டம், சராசரி 30, நியம விலகல் 18, உங்கள் தங்கச்சிக்கு 51. அவளுடைய இசட் புள்ளி 1.1667. புள்ளி குறைந்தது, இசட் கூடியது. இப்படி மூன்று பாடங்களுக்கும் எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். ஆகவே வாசலில் நாலு பேர் சேர்ந்து உங்கள் புள்ளியைக் கச்சிதமாகக் கூட்டிச் சொன்னாலும், தீவு முழுவதும் எழுதியவர்களின் சராசரி தெரியாமல் அந்த எண்ணுக்குப் பெறுமதி குறைவு.

யாழ்ப்பாணத்தில் இருக்கிற மச்சானுக்கு எல்லாம் சரி வந்ததாம். எனக்கு இடம் கிடைக்குமா?

மச்சானை விடுங்கள். அனுமதி மூன்று வழியில் நடக்கிறது. 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்டங்களுக்கு சனத்தொகைப்படி, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நாலும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. 40 சதவீதத்துக்கு மட்டும்தான் நீங்களும் மச்சானும் ஒரே வரிசை. மற்றதில் அவர் வரிசை வேறு, உங்கள் வரிசை வேறு, வெட்டுப்புள்ளியும் வேறு.

இதைக் கேட்டதும் "அப்ப எங்களுக்குச் சுகம்" என்று ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், அது எனக்குப் பிடிக்காது. இணைந்த கணிதம் படிப்பிக்க ஆளில்லாமல் வாரக் கடைசியில் ஏ9 வழியாக யாழ்ப்பாணம் போய் ரியூசன் படித்துவிட்டு இரவு பஸ்ஸில் திரும்புகிற பிள்ளைக்குக் கிடைக்கிற ஐந்து சதவீதம் சலுகை இல்லை, பாக்கி.

மகள் வந்ததிலிருந்து ஒன்றும் பேசவில்லை. எப்படிச் செய்தாய் என்று கேட்கலாமா?

முதலில் சாப்பாட்டைக் கொடுங்கள் அம்மா. ஒரு தாளுக்கு மூன்று மணித்தியாலம், அதற்கு முன் வாசிப்பதற்கு பத்து நிமிடம். காலையில் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கவும் மாட்டாள். "எத்தனை கேள்வி செய்தாய்?" என்று கேட்பதில் பிழையில்லை, அதற்கு அவளால் பதில் சொல்ல முடியும். "ஏ வருமா?" என்று கேட்காதீர்கள், அதற்கு அவளாலும் முடியாது, என்னாலும் முடியாது.

பக்கத்து வீட்டு அன்ரி கேட்டால் நீங்களே பதில் சொல்லி அனுப்புங்கள், பிள்ளையைக் கூப்பிடாதீர்கள். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தால் அது உங்களோடு இருக்கட்டும். "உனக்காகப் பொங்கிறன்" என்று இப்போதே சொன்னால், பிழைத்த கணக்கோடு அதுவும் அவள் தலையில் ஏறும். அப்பாமார் அடுத்த வீட்டுப் பெடியனைக் கூப்பிட்டு மகளின் விடையோடு ஒத்துப் பார்க்கச் சொல்கிற வேலையும் சில இடங்களில் நடக்கிறது. அது வேண்டவே வேண்டாம்.

இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல், நித்திரை கொள்ளாமல், ஆட்களைப் பார்க்க மறுத்து இருந்தால் அது கணக்குப் பிரச்சினை இல்லை. வகுப்பாசிரியரிடமோ வைத்தியசாலையிலோ தயங்காமல் பேசுங்கள்.

மழையால் பரீட்சை நின்றுபோனால், ஏற்கனவே எழுதிய தாளின் விடைகளைப் பார்த்துக்கொண்டு இருக்கலாமா?

மாரியில் பரீட்சை வைத்தால் இது வரத்தான் செய்யும். 2024 நவம்பர் கடைசியில் வெள்ளத்தால் உயர்தரப் பரீட்சை இடையில் நிறுத்தப்பட்டு டிசம்பர் 4 அன்றுதான் மீண்டும் தொடங்கியது. அப்படிக் கிடைக்கிற நாட்களில் எழுதி முடித்த தாளைக் கிண்டாதீர்கள். மிச்சம் உள்ள பாடத்தின் கடந்தகால வினாத்தாள்களைச் செய்யுங்கள். கரண்ட் இருக்கும்போது போனைச் சார்ஜ் போட்டு வையுங்கள், அறிவித்தல்கள் அதில்தான் வரும்.

பெறுபேறு எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால், ஒத்துப் பார்த்ததை வைத்து ஏதும் செய்யலாமா?

பெறுபேறு வந்த பிறகு குறித்த காலத்துக்குள் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த முடிவை எடுக்க ஒரு குறிப்பு உதவும்: இரண்டாம் தாளும் முடிந்த அன்று, பி பகுதி வினாத்தாளின் ஓரத்தில் எந்த ஐந்து கேள்வி செய்தீர்கள், ஒவ்வொன்றிலும் எதுவரை போனீர்கள் என்று பென்சிலால் எழுதி வையுங்கள். மாதக்கணக்கில் கழித்து ஞாபகம் எல்லாவற்றையும் "நல்லாச் செய்தனான்" என்றே சொல்லும். ஓரக்குறிப்பில் இரண்டு கேள்வி பாதியில் நின்றது என்று இருந்தால் கட்டணத்தை மிச்சம் பிடிக்கலாம். ஐந்தும் முழுமையாக இருந்தும் பெறுபேறு விழுந்திருந்தால் விண்ணப்பியுங்கள்.

இரண்டாம் தடவை எழுதுவதென்றால் இப்போதே தொடங்க வேண்டுமா?

மூன்று பாடமும் முடிந்து ஒரு கிழமை கழியட்டும். பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவை வரை தோற்றலாம். ஆனால் ஒரு தடவையின் கணிதத்தையும் இன்னொரு தடவையின் பௌதிகத்தையும் சேர்க்க முடியாது, மூன்று பாடமும் ஒரே தடவையில் வர வேண்டும். ஆகவே "கணிதம் மட்டும் திருப்பி எடுக்கிறன் சேர்" என்று வருகிறவர்கள், இரசாயனக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.